சூட்கேஸ் நெறையா ஆயுதத்தோட வந்து கடைசில அவனே செத்துப்போற கூலிக்கொலைகாரன், இது என்ன படமுங்க?

ஒழலப்பதி பையன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு படத்தோட பேரு தெரியாம நானும் எங்க மச்சானும் ரெண்டு வாரமா சண்ட. எங்க ஊரு ஒழலப்பதி பக்கம், ஜில்லா பாலக்காடுதான் ஆனா ஊட்ல பேசறது தமிழு, படிச்சதும் தமிழ் மீடியம், நோம்பிக்கு துணி எடுக்கறது பொள்ளாச்சில. நான் சின்னப்பையனா இருக்கறப்ப, தொண்ணூறு தொண்ணூத்தொண்ணு இருக்கும், மாரியாத்தா நோம்பிக்கு டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்தாந்து கோயல் முன்னால வெச்சு ராத்திரி முழுக்க படம் போட்டாங்க, ஒரு தமிழு, ஒரு மலையாளம், மறுக்கா ஒரு தமிழுன்னு. நான் எங்க அப்பாரு மடில படுத்துட்டு பாதி தூக்கம் பாதி முழிப்புல பாத்தது.

ஞாபகம் இருக்கறது இவ்வளவுதான். வேல இல்லாத ரெண்டு பசங்க, கடன வாங்கி மாடு வாங்கறாங்க, மாடு பால் கறக்காது. அப்பறம் கோட்டு சூட்டு போட்டு ஆஜானுபாகுவா ஒருத்தன் பெட்டியோட வருவான், பெட்டியத் தொறந்து ஒவ்வொரு ஆயுதமா காட்டுவான், பேச்சப் பாத்தா ஊரையே கொன்னு போடுவானாட்ட இருக்கும், கடைசில ஒரு கோபுரத்துல இருந்து அவனே விழுந்து செத்துருவான். நடுவால ஒரு போன் வரும், உங்க பொண்ண தூக்கிட்டோம்னு மெரட்டுவாங்க, ஆனா அது வேற யாரோ ஊட்டு நம்பரு.

இப்ப பிரச்சன என்னன்னா எனக்கு அதுல மோகன்லால் இருந்தது நல்லா ஞாபகம் இருக்குது. மச்சான் உடுமலைக்காரரு, அவரு சொல்றாரு அது தமிழ்ப்படம், எஸ்.வி.சேகரும் பாண்டியராஜனும் நடிச்சதுன்னு. போன் சீன்ல பிரபு இருந்தாருன்னு எங்க ஊட்டுக்காரி வேற சொல்றா. நாலு பேரும் ஒரே படத்துல எப்படிங்க இருப்பாங்க? தோத்தவன் ரெண்டு குடும்பத்தையும் ஆழியாறு கூட்டிட்டு போயி மீன் வறுவல் வாங்கிக் குடுக்கோணும்னு பெட்டு. மொத்தம் ஒம்போது பேரு, பாத்துக்கங்க.

அப்படியே இந்த மாதிரி தொழில் தெரியாத திருடன், கூமுட்ட ரவுடி படம் வேற எதாச்சும் இருந்தா சொல்லுங்க, லீவுக்கு பசங்களோட பாக்கலாம்.


மீனாச்சிபுரம் மெயில்:

நாடோடிக்காற்று. 1987. அந்தக் கொலைகாரன் பேரு பவனாயி. முடிஞ்சுது. மீனு எனக்கும் ஒரு பீஸ் எடுத்து வைங்க.


பழைய ஆபரேட்டர்:

மெயில் தம்பி சொன்னது பாதி சரி. மீதிய நான் சொல்றேன், நான் பார்டர்ல ஒரு கொட்டாய்ல ஆபரேட்டரா இருந்தவன், அந்த எடம் இப்ப தேங்கா களம் ஆயிருச்சு.

தம்பி, நீங்க பாத்தது ஒரு படம் இல்ல, ஒரே ராத்திரில மூணு படத்த அரத்தூக்கத்துல பாத்து ஒண்ணாக்கிட்டீங்க. மாடு, பெட்டி, கோபுரம் எல்லாம் நாடோடிக்காற்று. சத்தியன் அந்திக்காடு டைரக்சன், எழுதுனது சீனிவாசன், அவரே விஜயனா நடிச்சாரு, மோகன்லால் தாசன். அதையே தமிழ்ல அடுத்த வருசம் 1988ல கதாநாயகன்னு எடுத்தாங்க, அதுல உங்க மச்சான் சொல்ற எஸ்.வி.சேகரும் பாண்டியராஜனும். ஆக மச்சானும் பொய் சொல்லல. போன் சீன் இருக்கே, அது ராம்ஜிராவ் ஸ்பீக்கிங், 1989, முகேசு, சாய்குமாரு, இன்னசெண்ட்டு. அதோட தமிழ் அரங்கேற்ற வேளை, 1990, பிரபுவும் ரேவதியும் வி.கே.ராமசாமியும். ஆகாய வெண்ணிலாவே பாட்டு வருமே அந்தப் படம். ஆக உங்க ஊட்டம்மாவும் சரி. ஆழியாறுக்கு யாரு செலவு பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

ஆனா ஒண்ணு, நீங்க கொழப்பிக்கிட்டதுல ஒரு ஞாயமும் இருக்குது. நாடோடிக்காற்றோட கதை யாருதுன்னு பாத்தீங்கன்னா சித்திக் லால்னு ரெண்டு பேரு. அவங்களே டைரக்ட் பண்ண மொதப்படம்தான் ராம்ஜிராவ். அவங்க ஃபாசில் கிட்ட அசிஸ்டெண்டா இருந்தவங்க, அரங்கேற்ற வேளைய தமிழ்ல எடுத்தது அதே ஃபாசில். சிஷ்யங்க மலையாளத்துல பண்ணத குருவே வாங்கியாந்து தமிழ்ல பண்ணாரு. எல்லாம் ஒரே வேருதான், அரத்தூக்கத்துல உங்களுக்கு அது தெரிஞ்சிருக்குது.

நாடோடிக்காற்று நாங்க ஓட்டுனப்ப ஒரு விசயம் பாத்தேன். ரெண்டு பேரும் கஃபூர்ன்றவன நம்பி துபாய் போறோம்னு படகேறுவாங்க, அவன் கொண்டாந்து மெட்ராஸ் கரைல எறக்கி உட்ருவான், இவங்க அரபி டிரஸ்ஸ மாட்டிட்டு ஊருக்குள்ள நடப்பாங்க. அக்கட்ட பாலக்காடு டவுன்ல தாசன் வாயத் தொறந்து சொன்னதுக்கப்பறம்தான் ஜனம் சிரிக்கும்னு எங்க பிலிம் பெட்டி கொண்டார ஆளு சொல்லுவான். எங்க கொட்டாய்ல அதுக்கு முன்னாலயே சிரிச்சுட்டாங்க. ஏன்னா தமிழ் போர்டு வந்த ஒடனே நம்மாளுக படிச்சுட்டாங்கல்ல, தாசனுக்கு தெரியறதுக்கு முன்னால இவனுகளுக்கு தெரிஞ்சு போச்சு. ஒரு கெழவி எந்திரிச்சு நின்னு "அட மெட்ராசு கண்ணு, ஏமாந்துட்டீங்க"ன்னு தெரையப் பாத்து சத்தம் போட்டுச்சு. கேபின்ல கார்பன் குச்சிய தள்ளிட்டிருந்த எனக்கே கேட்டுச்சு.


கோவை ஐடி கூலி:

சூப்பரு ஆபரேட்டரய்யா. ஆனா தொழில் தெரியாத ரவுடின்னா நமக்கு வடிவேலுதானுங்க, மத்தவங்கெல்லாம் அப்பறம். தலைநகரம் நாய் சேகர், நகரம் படத்துல ஸ்டைல் பாண்டி, வின்னர் கைப்புள்ள. மீம் போடாத நாளு உண்டா?

வெளிநாட்டுப் படம் பரவால்லன்னா ஒண்ணு சொல்றேன், பசங்க கொஞ்சம் பெருசா இருந்தா பாக்கலாம். வூடி ஆலன் 1969ல எடுத்த டேக் த மணி அண்ட் ரன். வர்ஜில்னு ஒருத்தன், திருடறதுதான் லட்சியம், ஒண்ணும் வெளங்காது. பேங்க்ல போயி சீட்டு நீட்டுவான், உங்க மேல துப்பாக்கி நீட்டியிருக்கேன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கான், ஆனா கன்னுன்றதுல (gun) கடைசி எழுத்து மாறிப்போயி கப்புன்னு (gub) இருக்கும், அவன் கையெழுத்து அப்படி. கவுண்டர்ல இருக்கறவன் இது கன்னா கப்பான்னு கேக்க, இன்னொருத்தன் வந்து பாத்து கன்னுதாம்ப்பா, ஆனா இன்னொரு வார்த்த வெளங்கலயேன்னு சொல்ல, அப்பறம் மேலதிகாரி கிட்ட ஒரு கையெழுத்து வாங்கியாங்க அப்பத்தான் பணம் தர முடியும்பாங்க பாருங்க. பாஸ்புக் என்ட்ரி போட மூணு கவுண்டர் அலைஞ்ச எவனுக்கும் அது காமெடியா தெரியாது, டாக்குமெண்டரியா தெரியும். படமே டாக்குமெண்டரி மாதிரிதான் எடுத்திருப்பாரு, அவன் அப்பா அம்மாவெல்லாம் மாறுவேசத்துல பேட்டி குடுப்பாங்க, மானம் போச்சுன்னு.

இன்னொண்ணு, ஜெயில்ல சோப்புக்கட்டிய செதுக்கி துப்பாக்கி செஞ்சு, ஷூ பாலிஷ் தடவி, அதக் காட்டி தப்பிச்சு வெளிய வருவான், மழ பேயும். மீதிய நானே சொல்லிட்டா பாக்க மாட்டீங்க.


சித்தூர் டீச்சர்:

ஐடி தம்பி, வடிவேல யாரும் கொற சொல்ல மாட்டாங்க, ஆனா நீங்க ரெண்டு வேற வேற ஆளுங்கள ஒரே பெஞ்சுல உக்கார வெக்கறீங்க. நாய் சேகர் ரவுடி இல்ல, ரவுடின்னு சொல்லிக்கறவரு. நானும் ரவுடிதான்னு போலீஸ் வண்டில ஏறி உக்காந்தாலும் தான் ரவுடி இல்லன்னு அவருக்கே உள்ளுக்குள்ள தெரியும், நமக்கும் தெரியும், மாட்டிக்கற எடந்தான் சிரிப்பு. பவனாயி அப்படி இல்ல. பி.வி.நாராயணன்ற பேர பவனாயின்னு மாத்தி வெச்சுட்டு வந்திருக்கறவரு, தான் ஒலகத் தரத்துல ஒரு கொலைகாரன்னு மனசார நம்பறாரு. அவருக்கு சந்தேகமே இல்ல. நீங்க சொன்ன சோப்பு துப்பாக்கிக்காரனும் அந்த ஜாதிதான், மனசார ஒழைக்கறான். சிரிப்பு அங்கதான் இருக்குது, திருட்டுல இல்ல.

கேப்டன் ராஜு அத நடிச்சதையும் பாருங்க. நெசமாவே மிலிட்டரில கேப்டனா இருந்துட்டு சினிமாவுக்கு வந்தவரு, வில்லனா பாத்துப் பாத்து ஜனம் பயந்துட்டிருந்த மொகம். அவரு ஒரு எடத்துலயும் காமெடி பண்ணல, மத்த படத்துல எப்படி மெரட்டுவாரோ அதே மாதிரி மெரட்டுறாரு. ஒரு காமெடி நடிகர அங்க போட்டிருந்தா கண்ண உருட்டி மூஞ்சியக் கோணி கெடுத்திருப்பாங்க. அவரு 2018ல செத்தப்ப எங்க ஸ்டாஃப் ரூம்ல மலையாள டீச்சருங்க எல்லாம் பவனாயி போயிட்டாருன்னுதான் பேசிக்கிட்டாங்க, அவரு பேரச் சொன்னது ஒருத்தரோ ரெண்டு பேரோ. மலப்புறம் கத்தி, மெஷின் கன்னுன்னு லிஸ்ட் போட்டு கடைசில பவனாயி சவமாயின்னு முடியற வசனம் இங்க பழமொழி ஆயிருச்சு. பரிச்சைக்கு கலர் கலரா பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ், கைடு எல்லாம் வாங்கிட்டு வந்து பெயிலாகறவனுக்கு நானே அதத்தான் சொல்லுவேன்.

இன்னொண்ணும் சொல்லோணும். தாசன் பி.காம். ஃபர்ஸ்ட் க்ளாஸ், பாக்கறது பியூன் வேல. எண்பதுகள்ல கேரளத்துல படிச்சுப்போட்டு வேல இல்லாம, கல்ஃப் போனாத்தான் சோறுன்னு இருந்த பசங்க ஊட்டுக்கு ஒருத்தன். அந்த வெசனம் அடில இருக்கறதாலதான் மேல இவ்வளவு சிரிப்பு. அவங்கள சிஐடின்னு நெனச்சு பயப்படற அனந்தன் நம்பியாரா திலகன், அந்தாளும் முட்டாள்தான், ஆனா பணக்கார முட்டாள். இதுல கிரிமினலும் வேலைக்காகாதவன், தேடி வர்ற சிஐடியும் சிஐடியே இல்ல. அடுத்த வருசம் வந்த பட்டணப்பிரவேசத்துல நெசமாவே சிஐடி ஆக்கி உட்டாங்க, அது வேற கத.


பொள்ளாச்சி தேங்கா:

டீச்சரக்கா எல்லாம் சரிங்க, ஆனா மலையாளத்துலதான் மூளைன்ற மாதிரி போகுது பேச்சு. 1972லயே காசேதான் கடவுளடா வந்துருச்சு. சித்ராலயா கோபு. சித்தி பீரோல இருக்கற பணத்த சொந்த ஊட்லயே திருட ஒரு போலிச் சாமியார கூட்டியாருவாங்க, தேங்காய் சீனிவாசன், சாமியாரு மெட்ராஸ் பாஷ பேசுவாரு. அந்தாளும் சீரியஸாத்தான பண்ணாரு? (என் பேரு அவரால வந்ததில்ல, நான் தேங்கா யாவாரி.)

2013ல சூது கவ்வும். விஜய் சேதுபதி ஆள் கடத்தறதுக்கு ரூல்ஸ் வெச்சிருப்பாரு, பெரிய எடத்துல கை வெக்கக்கூடாதுன்னு அவரே சொல்லிட்டு அவரே மந்திரி பையன தூக்குவாரு. கூட்டாளில ஒருத்தன் நயன்தாராவுக்கு கோயல் கட்டி ஊர உட்டு தொரத்தப்பட்டவன். மந்திரி நேர்மையான ஆளு, பையன் எல்லாத்துலயும் பெரிய திருடன், கடத்துனவனுகளோட சேந்து அப்பன் கிட்டயே பணம் பறிக்கறான். நலன் குமாரசாமி எந்த எடத்துலயும் இவனுகள கேவலப்படுத்த மாட்டாரு.


வேலந்தாவளம் வண்டி:

படம் எல்லாம் இருக்கட்டும், நான் நேர்ல பாத்த பவனாயி ஒருத்தன் இருக்கான், பேரு வேண்டாம், இப்ப பேரன் பேத்தி எடுத்துட்டான், சொன்னா சண்டைக்கு வருவான்.

நம்ம பார்டர் பொழப்பு எல்லாருக்கும் தெரியும். இக்கட்ட இருக்கறது அக்கட்ட கெடைக்காது. தமிழ்நாட்டுல 1987ல இருந்து கள்ளுக்கு தடை, சித்தூர் தாலுக்கால தோப்புக்கு தோப்பு தென்னங்கள்ளு, கேரளா முழுக்க இங்கிருந்துதான் எச்சா வண்டி போகுது. லாட்டரி அங்க கெடையாது இங்க உண்டு. ரேஷன் அரிசி அங்கிருந்து இங்க வந்துரும். அதனால எங்க வயசுப் பசங்க எல்லாருக்கும் வாழ்க்கைல ஒருக்காவாச்சும் கடத்தல்காரன் ஆகோணும்னு தோணியிருக்கும், ஆனா இவனாட்ட ப்ளான் போட்டவன் யாரும் இல்ல. அக்கட்ட பொள்ளாச்சி பக்கம் ஒரு கல்யாண ஊட்டுக்கு சரக்கு கேட்டிருக்காங்க, நல்ல கள்ளா பத்து லிட்டரு. இவன் ஒரு வாரம் யோசிச்சான். பைக்ல போனா நிறுத்துவாங்க, பஸ்ஸுல போனா சந்தேகம் வராது, நெத்தி நெறையா துந்நூறு, தோள்ல துண்டு, கைல ஒரு தேங்கா பழத் தட்டு, கேட்டா கோயலுக்கு மோர் கொண்டு போறேன்னு சொல்றது. ஒரு வார்த்த மலையாளம் பேசாம இருக்கோணும்னு கண்ணாடி முன்னால நின்னு பழகுனான். நானே பாத்தேன். பாட்டல்ல இருந்து ஒரு சொட்டு வாசம் வரக்கூடாதுன்னு மூடிய முறுக்கி முறுக்கி மூடி, அதுக்கு மேல சைக்கிள் ட்யூப வெட்டி இறுக்கிக் கட்டி, பைக்குள்ள வெச்சு மேல ஒரு வேட்டி.

வெடியால எறக்குன கள்ளு, மே மாச வெயிலு, கூட்ட பஸ்ஸு. கோபாலபுரம் செக்போஸ்ட்ல வண்டி நின்னுது. ஒரு போலீஸ்காரரு சும்மா ஏறி இக்கட்டயும் அக்கட்டயும் பாத்துட்டு எறங்கப் போனாரு, அவரு இவன் பக்கம் திரும்பக்கூட இல்ல. அந்த நேரம் பைக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். பஸ்ஸே குனிஞ்சிருச்சு. ஒரு மூடி மேல போயி தகரத்துல அடிச்சு முன் சீட்டு அம்மிணி மடில விழுந்துச்சு. அப்பறம் ரெண்டாவது டப்பு. மூணாவது. நொரை பொங்கி வேட்டியெல்லாம் நனைஞ்சு சீட்டுக்கடில ஓடுது, பஸ்ஸு பூரா வாசம், எல்லாரும் இவனையே பாக்கறாங்க. போலீஸ்காரரு என்னய்யா இதுன்னு கேட்டாரு. ஒரு வாரமா பழகுன மனுசன் பதட்டத்துல என்ன சொன்னான் தெரியுமுங்களா, "மோரு சாரே, சம்பாரம்"னு சுத்தமான மலையாளத்துல சொன்னான்.

அவரு சிரிச்ச சிரிப்புல ஒரு அடி கூட அடிக்கல. பாட்டல எல்லாம் கவுத்த சொல்லிட்டு எறக்கி உட்டுட்டாரு. நெத்தி துந்நூறோட நாலு மைலு நடந்து வந்தான், தேங்கா பழத் தட்ட மட்டும் பத்தரமா கொண்டாந்தான்.


தெளுவு:

வண்டியண்ணா, வயிறு வலிக்குதுங்க. ஆனா பாவம் அந்தாளு, மூடுனதுதான் தப்பே. கள்ளு எறக்குன நிமிசத்துல இருந்து பொளிச்சுக்கிட்டேதான் இருக்கும், சக்கரய தின்னு சாராயமாக்கற நுண்ணுயிரு அதுல இருக்குது, அப்ப கேஸ் வரும், வெயில்ல இன்னும் வேகமா வரும், போக வழி இல்லன்னா மூடியத் தள்ளும். அதனாலதான் கேன்ல கொண்டு போறவங்க மூடிய லூசாத்தான் வெப்பாங்க. எங்க அப்பச்சி மரம் ஏறுனவரு. மொட்டில சுண்ணாம்பு தடவி கட்டுனா பொளிக்காது, அது தெளுவு, கொழந்தைக்கு குடுக்கலாம். சுண்ணாம்பு இல்லன்னா கள்ளு. ஒரு விரல் சுண்ணாம்புலதான் பொங்கற கேஸும் இல்ல, போலீஸ் கேசும் இல்ல.

உங்காளு செஞ்சது கரெக்டா டீச்சரக்கா சொன்ன மாதிரி. எல்லாத்தையும் யோசிச்சான், சரக்கப் பத்தி மட்டும் யோசிக்கல.


கோவை ஐடி கூலி:

சம்பாரம் சீன அப்படியே படமா எடுத்தா தியேட்டர்ல ஓடும். டீச்சரக்கா, ஒத்துக்கறேன், நாய் சேகர் வேற பெஞ்சு. ஆனா ஸ்டைல் பாண்டிய உங்க பெஞ்சுல உக்கார உடுங்க, அவரு திருடப் போற எடத்துல எல்லாம் மனசாரத்தான் விழுந்தாரு.


சித்தூர் டீச்சர்:

சரி, ஓரமா உக்காரச் சொல்லுங்க.


ஒழலப்பதி பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி நாடோடிக்காற்று போட்டுப் பாத்தமுங்க, மச்சானையும் உடுமலைல இருந்து வரச்சொல்லி. பெட்டு ட்ரா ஆயிருச்சு, ஆழியாறு செலவு ஆளுக்கு பாதி, ஆபரேட்டரய்யா வந்தா அவருக்கு ஃப்ரீ.

அப்பாருக்கு இப்ப எண்பத்தஞ்சு, காது சரியா கேக்காது, கட்டல முன்னால இழுத்துப் போட்டு அவரையும் உக்கார வெச்சேன். சின்ன வயசுல அவரு குலுங்கிக் குலுங்கி சிரிச்சதுல என் தல ஆடுனது ஞாபகம் இருக்குது, பவனாயிக்குத்தான் சிரிச்சாருன்னு இத்தன வருசமா நெனச்சுட்டிருந்தேன். பவனாயி வந்தான், பெட்டியத் தொறந்தான், கோபுரத்துல இருந்து விழுந்தான், நாங்க எல்லாம் உருண்டு சிரிக்கறோம், இவரு வெத்தல இடிச்சுட்டு உக்காந்திருக்காரு. மனுசன் சிரிச்சது அந்த மாட்டு சீனுக்கு மட்டுந்தான். ரெண்டு மாட்டையும் கறக்க உக்காந்து பால் வராம முழிப்பாங்கல்ல, அதுக்கு. மறுக்கா போடுன்னு கேட்டு ரெண்டு தடவ பாத்தாரு.

ஏனுங்கப்பாருன்னு கேட்டதுக்கு இப்பத்தான் விசயம் வெளிய வருது. அந்த நோம்பிக்கு மொத வாரந்தான் இவரு பொள்ளாச்சி சந்தைல, செவ்வாக்கெழம சந்தை, வேளைக்கு ஆறு லிட்டரு கறக்கும்னு ஒரு மாட்ட வாங்கியாந்திருக்காரு. ரெண்டு நாளு கறக்காம மடிய ரொப்பி வெச்சு வித்திருக்கான், ஊட்டுக்கு வந்தா ஒண்ணர லிட்டரு. ஆத்தாகிட்ட கூட வெலைய கொறச்சுத்தான் சொன்னாராம்.

யாரு வித்தாங்கன்னு கேட்டா இன்னிக்கும் சொல்ல மாட்டேங்கறாரு. ஒறம்பரைல ஒருத்தராத்தான் இருக்கோணும், நான் கேட்டதும் மச்சான எதுக்கோ ஒருக்கா திரும்பிப் பாத்தாரு.